தலைவரைத் தெரிபவர் யார்?

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமய ஸ்தாபனமொன்றின் மேடையிலே கட்சி அரசியலைப் பற்றிப் பேசலாமா என்று சில பெரியவர்கள் முகஞ் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க நாம் இங்கே வரவில்லை. வாக்குக் கேட்பது ஒன்று. வாக்கைப் பற்றி ஆலோசிப்பது வேறொன்று. இன்று மாலை இம்மண்டபத்திற்கு வரும் வழியிலே தேநீர்க் கடையொன்றில் நாலுபேர் பேசிக் கொண்டிருந்ததைக் கேட்டோம். “யார் வந்தாலென்ன, எல்லாம் ஒன்றுதான்” என்றார் ஒருவர். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். பாண்டிருப்பிலிருந்து திருக்கோவில் வரை இக்கரையோரத்திலே இந்தப் பேச்சைக் கேளாத ஊரில்லை. இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய விஷயம்.

சலிப்பு என்றால் எல்லோரும் தேர்தல் நாளையே நினைக்கிறார்கள். எங்கள் அபிப்பிராயம், அது தேர்தலுக்கு வெகு முன்னாலேயே பிறந்து விடுகிறது என்பது. தலைவரை யார் தெரிந்தார், வேட்பாளர் பட்டியலை யார் எழுதினார், எந்த வீட்டில், எந்த மேசையில் இருந்து எழுதினார் என்ற இடத்திலே பிறக்கிறது. வாக்காளன் கையில் சீட்டு வரும்போது பாதிக் காரியம் முடிந்து விடுகிறது.

2024 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆந் திகதியை எடுத்துக் கொள்வோம். இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைமைப் பதவிக்கு அன்று திருகோணமலையிலே வாக்கெடுப்பு நடந்தது. 1949 டிசம்பரில் தந்தை செல்வநாயகமும், வன்னியசிங்கமும், டாக்டர் நாகநாதனும் சேர்ந்து தொடங்கிய கட்சி அது. அன்று முதல் எழுபத்து நான்கு ஆண்டுகளாகத் தலைமை என்பது மூத்தோர் கூடிப் பேசி, மகாநாட்டிலே ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்படும் காரியமாகவே இருந்தது. போட்டியிட்டு, இரகசியச் சீட்டிலே வாக்களித்துத் தலைவரைத் தெரிந்தது அதுவே முதற்றடவை. கிளிநொச்சியின் சிவஞானம் சிறீதரனும் யாழ்ப்பாணத்தின் ம. ஆ. சுமந்திரனும் எதிரெதிரே நின்றார்கள். மட்டக்களப்பின் சீ. யோகேஸ்வரனும் வேட்பாளராக முன்வந்தார். ஆயினும் போட்டி முன்னவர் இருவருக்குமிடையேதான். பொதுச்சபை அங்கத்தவர்கள் வாக்களித்தார்கள். சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. தோற்றவர் வென்றவரைக் கைகுலுக்கி வாழ்த்தினார்.

அந்த ஒரு மாலைப்பொழுது எங்களூர் வாலிபர்களுக்கு எவ்வளவு உற்சாகத்தைத் தந்தது என்பதை நாம் கண்ணால் கண்டோம். யார் வென்றார் என்பதிலே அவர்களுக்குள் பேதம் இருந்தது. ஆனால் எண்ணிப் பார்த்துத் தெரிந்தார்கள், தோற்றவர் ஒப்புக்கொண்டார் என்பதிலே பேதமில்லை. ‘வயது போனாலும் வீட்டுக்குள்ளே சன்னல் திறக்கிறார்கள்’ என்றார் ஒரு முதிய ஆசிரியர். வீடு அக்கட்சியின் சின்னம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சன்னல் ஒரு வாரம் திறந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை செயலாளர் முதலான பதவிகளுக்குத் தெரிவு நடந்தபோது சச்சரவு எழுந்தது. மறுநாள் நடக்கவிருந்த மகாநாடு பிற்போடப்பட்டது. பெப்ரவரியிலே யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நீதிமன்றங்களில் வழக்குத் தொடரப்பட்டு, மகாநாட்டுக்குத் தடையுத்தரவு வந்தது. தெரிவு யாப்பின்படி நடந்ததா, பொதுச்சபையிலே வாக்களித்தவர்களின் தொகை சரிதானா என்பன போன்ற கேள்விகள் நீதிபதிக்கு முன்னால் போய் நின்றன. வாக்கினால் தெரிந்த தலைவர் மகாநாட்டு மேடையிலே பதவியேற்க முடியாமற் போயிற்று. பழைய தலைவர் மாவை சேனாதிராசா அவர்களே பெயரளவில் தலைவராய் நீடித்தார். 2025 ஜனவரியில் அவர் காலமானதற்குச் சற்று முன்னரே, சீ. வீ. கே. சிவஞானம் அவர்கள் பதில் தலைவராக்கப்பட்டார்.

சபையோரே, இங்கே சற்று நிற்போம். வழக்குப் போட்டவரையோ எதிர்த்து வாதாடியவரையோ குறை கூறுவது எம் நோக்கமன்று. நீதிமன்றம் செல்வது எவருக்கும் உள்ள உரிமை. எங்களை உறுத்துவது வேறு. எழுபத்து நான்கு ஆண்டு வாழ்ந்த ஒரு கட்சியிலே, பொதுச்சபையில் யார் யார் அங்கத்தவர் என்ற இடாப்பு ஐயத்துக்கிடமில்லாமல் இருந்திருக்க வேண்டாமா? ஒரு சனசமூக நிலையத்திலே கூடச் சந்தா கட்டியவர் பெயர் கொப்பியிலே இருக்கிறது. வருடாந்தக் கூட்டத்தன்று செயலாளர் அதைப் பார்த்துத்தான் கையுயர்த்த விடுகிறார். போட்டி இல்லாத காலத்திலே இடாப்பை எவரும் தேடவில்லை. போட்டி வந்த அன்றுதான் இடாப்பின் அருமை தெரிந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் சலிப்பு எண்ணாகி வெளிவந்தது. செப்டெம்பர் 21 ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தல். கட்சியின் மத்திய செயற்குழு வவுனியாவிலே கூடிச் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாகத் தீர்மானித்தது. அதே கட்சியைச் சேர்ந்த மட்டக்களப்பு பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராய் நின்றார். பொதுச்சபையிலே வென்ற சிறீதரன் அவருக்காக மேடையேறினார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. அரியநேத்திரனுக்கு நாடு முழுவதிலும் 2,26,343 வாக்குகள் விழுந்தன. நவம்பர் 14 ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல். 2020 இலே மூன்றே ஆசனங்கள் பெற்றிருந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அதற்குப் போயின. தமிழரசுக் கட்சிக்கு அங்கே கிடைத்தது ஒன்று; அது சிறீதரனுக்கு. சுமந்திரன் தெரிவாகவில்லை. அரசியலிலே முன்பின் அறியப்படாத வைத்தியர் ஒருவர், அர்ச்சுனா இராமநாதன், சுயேச்சைக் குழுவொன்றிலே நின்று வென்றார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் குறைகளைப் பகிரங்கமாகப் பேசியதே அவருக்கு முதல். கட்சி கிடையாது, கிளை கிடையாது. பழைய கட்சிகளின் மேல் எவ்வளவு கோபமிருந்தால் சனம் அப்படி ஒருவரைத் தேடிப் போகும்!

வடக்கை விட்டு இனி நம் மண்ணுக்கு வருவோம்.

அம்பாறை மாவட்டத்திலே தமிழர் ஏறத்தாழ 17 வீதம். முஸ்லிம் சகோதரர் நாற்பது வீதத்துக்கு மேல். சிங்கள சகோதரரும் ஏறக்குறைய அதே அளவு. திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனங்கள் ஏழு. தமிழர் வாக்கு ஒன்றாய் விழுந்தால் ஒரு பிரதிநிதி. இரண்டாய்ப் பிளந்தால் ஒருவரும் இல்லை. இது வாய்ப்பாடு தெரிந்த சிறுவனுக்கும் விளங்கும் கணக்கு. ஆனால் 2020 ஆகஸ்ட் 5 ஆந் திகதி என்ன நடந்தது? தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்திலே 25 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றது. கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் தலைமையில் நின்ற பட்டியல் 29 ஆயிரத்துக்கு மேல் பெற்றது. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. ஐம்பத்து நாலாயிரம் வாக்குகள் கடலிலே கரைத்த உப்பாயின.

அந்த முடிவைக் கேட்டு வெளியூர்ப் பத்திரிகைகள் ‘அம்பாறைத் தமிழர் ஏமாந்தனர்’ என்ற தோரணையிலே எழுதின. நாம் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கண்ணைத் திறந்து கொண்டுதான் வாக்களித்தார்கள். 2015 இலே ஒருவரைத் தெரிந்து அனுப்பினோம், ஐந்தாண்டில் எங்கள் குறை ஒன்றும் தீரவில்லையே என்ற ஆத்திரம் அந்தச் சீட்டுக்களிலே இருந்தது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் ஒன்றே போதும். உப செயலகமாக ஆண்டுக் கணக்கிலே இழுபட்டு வரும் அந்தக் காரியாலயத்தை முழு அதிகாரத்துடன் தரமுயர்த்தும்படி 2019 ஜூன் மாதம் அதன் வாசலிலே உண்ணாவிரதமிருந்தார்கள். இந்துக் குருவும் பௌத்த பிக்குவும் பக்கத்தில் பக்கத்திலே படுத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து பிரமுகர்கள் வாக்குறுதியோடு வந்தபோது கூட்டம் அவர்களை நம்ப மறுத்துக் கூக்குரலிட்டது. 2024 இலும் அதே வாசலிலே, அதே கோரிக்கைக்காக, சனம் பல நாட்கள் வெயிலிலே அமர்ந்திருந்தது. இக்கோரிக்கையைப் பற்றி நம் முஸ்லிம் அயலவருக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. எல்லை, நகரம், காணி என்று அவர்களுக்கும் நியாயமென்று தோன்றும் காரணங்கள் உண்டு. அதை இன்று தீர்த்து வைக்க நாம் முனையவில்லை. ஆனால் இரு பகுதியாரும் தத்தம் தலைவர்களிடம் கேட்பது ஒன்றே: தேர்தலுக்குத் தேர்தல் இதை மேடையிலே பேசி வாக்கு வாங்குகிறீர்களே, இடையிலே ஐந்து வருடம் எங்கே போகிறீர்கள்?

அயலவரைப் பற்றிச் சொன்னோம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இருக்கும் எங்கள் சிநேகிதர்களோடு பேசினால், கட்சியின் பெயரை மாற்றினாற் போதும், மனக்குறை ஒன்றேதான் என்பது புலப்படும். இந்தக் கல்முனை மண்ணின் புத்திரரான எம். எச். எம். அஷ்ரப் முஸ்லிம் காங்கிரஸை வளர்த்தெடுத்தவர். கிழக்கு முஸ்லிம்களுக்குத் தங்கள் சொந்தக் குரல் வேண்டும் என்பதே அதன் உயிர். 2000 செப்டெம்பர் 16 ஆந் திகதி ஹெலிகொப்டர் விபத்திலே அவர் மறைந்தார். அடுத்த தலைவர் யார் என்பதை அக்கரைப்பற்று வாக்காளனோ நிந்தவூர் வாக்காளனோ தீர்மானித்தானா? இல்லை. அதியுயர் பீடத்திலே பேச்சு நடந்தது. ரவூப் ஹக்கீம் தலைவரானார். திருமதி பேரியல் அஷ்ரப் வேறு வழி சென்றார். பின்னர் அதாவுல்லாவும் ரிஷாட் பதியுதீனும் தனித்தனிக் கட்சி கண்டார்கள். உள்ளே வாக்கெடுக்க வழியில்லாத கட்சியிலே வேறுபாடு வந்தால் வெளியே போவதொன்றே வழி என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சாய்ந்தமருதின் கதை இன்னும் சுவையானது. தமக்கென ஒரு தனி உள்ளூராட்சி சபை வேண்டுமென்று அவ்வூரார் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலிலே பெரிய கட்சிகளை ஒதுக்கிவிட்டுப் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழுவை நிறுத்தி ஊரையே வென்றெடுத்தார்கள். 2020 பெப்ரவரியிலே தனி நகரசபை என்று வர்த்தமானி வெளிவந்தது, வெடி கொளுத்தினார்கள். சில நாட்களுக்குள்ளே அந்த வர்த்தமானி நிறுத்தப்பட்டது. வெடித்தாள் குப்பையைக் கூட்டி முடிக்குமுன் சந்தோஷம் முடிந்தது.

பழைய சரித்திரமும் ஒன்று சொல்வோம், மூத்தோர்கள் பொறுத்துக் கொள்வார்கள். 1956 இலே தமிழரசுக் கட்சிக்குப் பாராளுமன்றத்திலே பத்து ஆசனங்கள் கிடைத்தன. அவற்றுள் கல்முனையும் பொத்துவிலும் இரண்டு. கல்முனையிலே கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர், பொத்துவிலிலே எம். எம். முஸ்தபா. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடையின் கீழே இந்துவும் முஸ்லிமும் வாக்களித்த காலம் அது. பின்னர் இருவரும் அக்கட்சியை விட்டு அகன்றார்கள். வாக்களித்த சனத்தை அழைத்து, ‘போகலாமா’ என்று கேட்டா போனார்கள்? பிரதிநிதி கட்சி மாறுவதும், கட்சி பிரதிநிதியை மாற்றுவதும் வாக்காளனின் தலைக்கு மேலே நடக்கும் வியாபாரம் என்ற எண்ணம் இக்கரையிலே அன்றே வேரூன்றி விட்டது.

இந்நோய்க்கு மருந்து உண்டா என்று உலகத்திலே பிறர் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் அறைக்குள்ளிருந்து தெரியாமல், கட்சியின் சாதாரண வாக்காளரே சீட்டுப் போட்டுத் தெரியும் முறை இருக்கிறது. முதனிலைத் தேர்தல் என்பார்கள். விஸ்கொன்சின் மாநிலம் 1903 இலே அதற்குச் சட்டஞ் செய்தது. ஆயினும் 1968 இலே சிக்காகோ மகாநாட்டில் ஹியூபர்ட் ஹம்பிரி, ஒரு முதனிலைத் தேர்தலிலேனும் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வெளியே வீதியிலே வாலிபர்கள் பொலீசாரிடம் அடி வாங்கிக் கொண்டிருந்தார்கள். அந்த அவமானத்தின் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள். 2016 இலே மீண்டும் சனத்தின் கோபம் பொங்கிற்று. குடியரசுக் கட்சியிலே பெரிய குடும்பத்துப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு டொனால்ட் டிரம்ப் வேட்பாளரானார். ஜனநாயகக் கட்சியிலே பேர்னி சாண்டர்ஸ் தோற்றார். ஆனால் கட்சிப் பெரியவர்களுக்கென்றிருந்த விசேஷ வாக்கைப் பற்றி அவர் பக்கத்தார் எழுப்பிய கூச்சலினால், 2018 இலே அந்த வாக்கை முதற்சுற்றிலே செல்லாதாக்கினார்கள். ஆகவே அந்த முறை நல்லவரைத்தான் கொண்டு வரும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. கோபத்துக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. வாசல் இல்லாத வீட்டில் கோபம் கூரையைப் பிய்த்துக் கொண்டு போகிறது.

நம் நாட்டிலே 1989 முதல் விருப்பு வாக்கு என்ற ஒன்று இருக்கிறது. கட்சிக்கு ஒரு புள்ளடி, பின் அதே பட்டியலில் மூவர் வரை விருப்பம். இது ஒருவகையில் தேர்தல் நாளன்றே நடக்கும் முதனிலைத் தேர்தல்தான். யாழ்ப்பாணத்திலே 2024 இல் கட்சிக்குள் நடந்த போட்டியின் இரண்டாஞ் சுற்று அந்த விருப்பு வாக்கிலேதான் தீர்ந்தது. ஆனால் திகாமடுல்லைக்கு ஏழு ஆசனத்தோடு மூன்று கூட்டிப் பத்துப் பேர் பட்டியல். அந்தப் பத்துப் பெயர்களை எழுதுபவர் யார்? கடை நேரத்திலே ஒரு பெயர் வெட்டப்படுவதும் மற்றொன்று நுழைவதும் எவரைக் கேட்டு? பட்டியல் கச்சேரிக்குப் போன பிறகுதான் நாம் பத்திரிகையிலே பார்க்கிறோம். சமைத்து இறக்கிய பின் ‘எந்தக் கறி வேண்டும்’ என்று கேட்பது போன்றது விருப்பு வாக்கு. சந்தைக்குப் போனவரை யார் அனுப்பினார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தெரிவு என்பது நமக்குப் புதிய வித்தையா? எங்கள் கோயில்களிலே வண்ணக்கரைக் குடி குடியாகக் கூடித் தெரிகிறோம். எந்தக் குடிக்கு எத்தனை இடம், எத்தனை காலம் என்பதெல்லாம் எழுதாச் சட்டமாக வழிவழி வந்திருக்கிறது. கணக்குக் காட்டாத வண்ணக்கர் திருவிழாக் காலத்திலே படும் பாட்டை இந்தச் சபையிலே பலர் அறிவீர்கள். சிலர் அனுபவித்தும் இருப்பீர்கள். வயலிலே வட்டவிதானையைக் கமக்காரர் கூடித் தெரிகிறார்கள். தண்ணீர் கடைசிக் கண்டத்துக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த போகத்துக்கு அவர் இல்லை. வண்ணக்கருக்கும் வட்டவிதானைக்கும் இருக்கும் இந்தப் பயம் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஏன் இல்லை? போடியார் கொழும்பிலே இருக்கிறார், முல்லைக்காரன் வயலிலே கிடக்கிறான் என்ற கதையாகவல்லவா இருக்கிறது!

2024 நவம்பரிலே அம்பாறைத் தமிழர் 2020 இன் கசப்பை மறக்கவில்லை. வாக்கு அம்முறை ஒருமுகப்பட்டது. வீட்டுச் சின்னத்திலே கவீந்திரன் கோடீஸ்வரன் தெரிவானார். ஏழு ஆசனங்களில் நான்கு தேசிய மக்கள் சக்திக்கும், முஸ்லிம் காங்கிரஸுக்கும் மக்கள் காங்கிரஸுக்கும் ஒவ்வொன்றும் போயின. கட்சியின் வழக்குக்களையும் பூசல்களையும் பார்த்து வெறுத்துப் போயிருந்த அதே சனம், ஆசனம் போய்விடக் கூடாதே என்று அடக்கிக் கொண்டு வாக்களித்தது. அந்த வாக்கை முழு நம்பிக்கை என்று தலைவர்கள் கணக்கு வைத்துக் கொள்வார்களாயின் அது கெட்ட கணக்கு. சிறுபான்மையாய் வாழும் ஊரிலே வாக்காளனுக்குத் தண்டிக்கும் சுதந்திரங்கூடக் குறைவு. தண்டித்தால் தானே தண்டனை அனுபவிக்கிறான். யாழ்ப்பாணத்தான் கோபத்தைக் காட்டலாம், அவனுக்கு ஆறு ஆசனம். எங்களுக்கு ஒன்று. இதனாலேயே கட்சிக்குள் தெரிவு என்பது வடக்கைவிடக் கிழக்கிற்கு, கிழக்கிலும் அம்பாறைக்கு, பத்து மடங்கு அவசியம் என்கிறோம். பொதுத் தேர்தலிலே நாங்கள் மாற முடியாது. மாற்றம் கட்சிக்குள்ளேதான் நடக்க வேண்டும்.

அதற்கு வாலிபர்கள் செய்யக்கூடியது உண்டா? உண்டு, ஆனால் சுவாரஸ்யமான வேலை அன்று. கட்சியிலே மூலக்கிளை என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மேலே மேலே போய்த்தான் பொதுச்சபை. பெரியநீலாவணையிலும் சேனைக்குடியிருப்பிலும் நற்பிட்டிமுனையிலும் காரைதீவிலும் அந்தக் கிளை கடைசியாக எப்போது கூடியது, யார் தலைவர், எத்தனை பேர் அங்கத்தவர் என்று போய்க் கேளுங்கள். அண்ணன்மாரைக் கேளுங்கள், மாமாமாரைக் கேளுங்கள். எந்தக் கட்சியிலே உங்களுக்கு ஈடுபாடோ அந்தக் கட்சியிலே கேளுங்கள்; சங்கம் அதிலே தலையிடாது. இடாப்பிலே பெயர் பதியாதவன் திருகோணமலையிலே 184 என்றாலும் 137 என்றாலும் பார்வையாளனே. கைத்தொலைபேசியிலே தலைவர்களைத் திட்டி எழுதுவதற்குச் செலவாகும் நேரத்திலே பாதியை ஒரு கிளைக் கூட்டத்தில் வாங்கிலே அமர்ந்து செலவிட்டாற் போதும். கூட்டம் அலுப்பாய் இருக்கும். தலைமையுரையே ஒரு மணித்தியாலம் போகும். பொறுத்திருங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பட்டியல் எழுதும் காலத்திலே உங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிரமுகர்கள் வருகிறார்கள். ‘ஐயா சொன்னால் ஊர் கேட்கும்’ என்கிறார்கள். அந்தப் பேச்சைத் திண்ணையிலே முடித்து விடாமல் இந்த மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். வேட்பாளராக விரும்புபவர் இங்கே வந்து, முன்னே உள்ள வாலிபர்களின் முகத்தைப் பார்த்து, கல்முனை வடக்குச் செயலகத்தைப் பற்றி என்ன செய்வார், செய்ய முடியாவிட்டால் எப்போது அதை ஒப்புக்கொள்வார் என்று சொல்லட்டும்.

2025 மே 6 ஆந் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. காரைதீவார் வாக்களித்தார்கள், நாவிதன்வெளியார் வாக்களித்தார்கள். கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வழக்கின் காரணமாக அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. பக்கத்து ஊரார் விரலிலே மை பூசிக் கொண்டு வந்ததைப் பார்த்திருந்த நம் பிள்ளைகள் சிலருக்கு அது முதல் வாக்காய் இருந்திருக்கும். அவர்களில் எவரேனும் இப்போது கேள்வி கேட்க விரும்பினால் முதலில் எழுந்து கேட்கட்டும். பெரியவர்கள் பின்னர் பேசலாம்.